சேர்த்து வைத்த பல்வலி

பல்லின் குழிக்குள் மிளகளவு பெருங்காயத்தை வைத்து அடைத்தால் முதலில் கசக்கும், பிறகு எரியும், அதற்கும் பிறகு மூச்சு விடும்போதெல்லாம் சாத்தமுது, அதாவது ரசம், கொதிக்கிற வாசனை மூக்குக்குள்ளிருந்தே வரும். வலி போகாது, வலிக்கு மேல் ஒரு சமையலறை வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷத்தில், ஆடி மாதம் தொடங்கி மார்கழி வரைக்கும் நான் இந்த வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எனக்குப் "பெருங்காய டப்பா" என்று பெயர் வைத்தாள். வலது கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்திய பல். நாக்கு சும்மா இருக்காது. அந்தக் குழியை எட்டிப் பார்க்கும், சுற்றி வரும், கூரான விளிம்பில் உரசிக்கொண்டு திரும்பும், திரும்பின கையோடு மறுபடி போகும். வகுப்பில் உட்கார முடியாது, வீட்டில் படுக்க முடியாது, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டே அம்மா சொல்வாள்: "கொஞ்சம் பொறுத்துக்கோடி ருக்கு. மார்கழி வந்தா சம்பத்து வந்துடுவான்."

சம்பத் மாமா அம்மாவுக்குச் சித்தி பிள்ளை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத அம்மாவுக்குத் தம்பி என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே மனிதர். மெட்ராஸில் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு முறை, வைகுண்ட ஏகாதசிக்கு, மனைவி வைதேகி மாமியோடு ரயிலேறி வந்து, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் இருந்த எங்கள் வீட்டில் தங்குவார். ஏகாதசியன்று பரமபத வாசல் சேவையும் உபவாசமும். மறுநாள் துவாதசி காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காயோடு விரதம் முடிக்கிற பாரணை. அது முடிந்து ஊரெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு தூங்கப் போகும் நேரத்தில், எங்கள் வீட்டில் மட்டும் இன்னொரு உற்சவம் ஆரம்பமாகும். அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "வாய் பார்க்கிறது".

முற்றத்து வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போடப்படும். மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச் லைட்டும் மறு கையில் சின்னக் கண்ணாடியுமாக நிற்பார். முதலில் அப்பா, பிறகு அண்ணா, நான், தங்கை, கடைசியில் அம்மா. இத்தோடு முடிந்திருந்தால் மாமாவும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அம்மாவுக்குத் தம்பியின் கைராசியைத் தனக்கே வைத்துக்கொள்ள மனசு வராது. மாடியில் குடியிருந்த வாத்தியார் குடும்பம், எதிர் வீட்டுத் தேசிகாச்சாரியார், பூக்கார அம்மாள், பூக்கார அம்மாளின் மாப்பிள்ளை என்று வரிசை வாசல் வரை நீளும். "எங்க சம்பத்து பார்ப்பான், வாங்கோ, வெக்கப்படாதேள்" என்று அம்மா கோயில் பிரசாதம் கொடுப்பது மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

மாமாவும் ஆடுகிற பல்லாக இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார். மற்றதற்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "இதை அடைக்கணும். காவிரிக்கு அந்தப் பக்கம் தென்னூர்ல என்னோட படிச்சவன் கிளினிக் வெச்சிருக்கான், அங்க போய்க் காட்டுங்கோ." எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஒருவரும் போக மாட்டார்கள். வந்த இடத்தில் தன்னையே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று அடக்கத்தால் சொல்கிறார் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். அடுத்த துவாதசியில் அதே வாய், அதே பல், குழி மட்டும் பெரிதாகி வரிசையில் வந்து நிற்கும். "போன வருஷமே சொன்னேனே, தென்னூர் போகலையா?" என்று மாமா கேட்பார். "நீ இருக்கச்சே அங்க எதுக்குடா?" என்பாள் அம்மா, நோயாளியின் சார்பில். வைதேகி மாமி சமையலறை வாசற்படியில் நின்றபடி, யாரிடமும் இல்லாமல் சொல்வாள்: "இங்க வந்தா பெருமாளைச் சேவிக்கறதைவிட வாயைச் சேவிக்கறதுதான் ஜாஸ்தி." எல்லோரும் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் எங்கள் எல்லோருடைய கவனமும் அவரவர் வாய்க்குள்ளேயே இருந்தது.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அம்மா சண்டைக்கு வந்திருப்பாள். அவளுக்கு அது மரியாதை. "சொந்தத் தம்பி பல் டாக்டரா இருக்கச்சே, நாம வேற ஒருத்தன்கிட்டப் போய் வாயைத் திறந்தா அவன் மனசு என்ன பாடுபடும்?" என்று உண்மையாகவே நம்பினாள். அந்த நம்பிக்கை செலவையும் மிச்சப்படுத்தியது என்பதை அப்பா கவனித்திருந்தார். கவனித்ததை வெளியில் சொல்லவில்லை. கண்டோன்மெண்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா அவர். காய்ச்சலுக்கு, வயிற்றுப் போக்குக்கு, எலும்பு முறிவுக்கெல்லாம் அலுவலகத்தில் பணம் திரும்பக் கிடைக்கும், பல்லுக்குக் கிடையாது. தென்னூர் டாக்டர் ஒரு பல்லை அடைக்கக் கேட்பது எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். வீட்டில் இருந்ததோ ஐந்து வாய். இந்த வாய்களைச் சாப்பாட்டுக்குத் திறக்க வைப்பதற்கே சம்பளம் மாதக் கடைசியில் மூச்சு வாங்கியது.

பிற்காலத்தில் நானும் அப்படியொரு அலுவலகத்தில் சேர்ந்து, மற்றவர்களின் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைப் பரிசீலித்துக் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற பிரிவில் உட்கார்ந்தேன். எந்தச் சான்றிதழ் யார் கையெழுத்தோடு வர வேண்டும், எந்தச் சிகிச்சை எந்த விதியின் எந்த உட்பிரிவில் விழும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கேயும் பல் கட்டுவது அலங்காரம் என்ற கணக்கில்தான் வந்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு முப்பத்திரண்டும் கல்லுப்போல இருந்திருக்க வேண்டும், அல்லது ஒன்றுகூட இருந்திருக்கக் கூடாது. நடுவில் இருக்கிறவன், அதாவது ஒரு பக்கத்தில் மட்டும் மென்றுகொண்டு இன்னொரு பக்கத்துக்குப் பயந்துகொண்டு வாழ்கிறவன், அப்படி எழுத மாட்டான்.

நான் அந்த வருஷம் அப்படித்தான் வாழ்ந்தேன். பண்டிகைகளை நான் நினைவு வைத்திருப்பதே எதை மெல்ல முடிந்தது, எதை முடியவில்லை என்பதைக் கொண்டுதான். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் கலந்த சாதம் சாப்பிடும்போது இடது பக்கத்துக்கு மாறினேன். நவராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பாடிவிட்டுச் சுண்டலை மடியில் கட்டிக்கொண்டு வந்து தங்கைக்குக் கொடுத்தேன். தீபாவளிக்கு வெல்லப்பாகில் உருட்டிய மனோகரத்தை நக்கிப் பார்த்ததோடு சரி. திருக்கார்த்திகையன்று, அவல் பொரி உருண்டையின் வாசனையைத் தாங்க முடியாமல், இடது பக்கம்தானே என்று கடித்தேன். உருண்டையின் ஒரு துண்டு நழுவி வலது பக்கம் போய் விழுந்தது. 'கடுக்' என்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது. பல்லில் பாதி பொரியோடு கையில் வந்தது.

அம்மா அந்தத் துண்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றாள். அப்பா ஈஸிசேரிலிருந்து, "வேணும்னா தென்னூருக்கு..." என்று ஆரம்பித்தார், வாக்கியத்தை முடிக்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சம்பத்துக்குத் தெரிஞ்சா?" என்றாள். அப்பா உடனே சமாதானமாகிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் சமாதானமானது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அன்று கடைத்தெருவுக்குப் போய்க் கிராம்புத் தைலம் வாங்கி வந்தார்.

பிறகு, மார்கழி பிறந்து ஏகாதசிக்கு முந்தைய பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தபோது, மெட்ராஸ் போய்வந்த எதிர் வீட்டுத் தேசிகாச்சாரியார் ஒரு சேதி கொண்டு வந்தார். "கோமளம், உன் தம்பியைப் பார்த்தேன். இந்த வருஷம் வரலையாம். லீவு கிடைக்கலைன்னான்."

அம்மா கையிலிருந்த பூ மடியில் விழுந்தது. அதைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, ஏதோ ரயில் தாமதமாக வருகிறது என்பது போல, "போனாப் போறது. பங்குனி உத்தரத்துக்கு வருவான்" என்றாள்.

பங்குனி! மார்கழிக்கும் பங்குனிக்கும் நடுவே தையும் மாசியும் முழுசாகக் கிடந்தன. அன்று மாலை நான் வீட்டுக்குள் இருக்கவில்லை. சித்திரை வீதி நான்கையும் சுற்றி நடந்தேன், மறுபடி சுற்றினேன். தாடைக்குள் ஏதோ துடித்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். ஏகாதசிக்கு முந்தின நாள் கன்னம் உப்ப ஆரம்பித்தது. ஏகாதசியன்று வீட்டில் யாரும் சாப்பிடாததால் நான் சாப்பிட முடியாமல் இருந்தது எவருக்கும் தெரியவில்லை. துவாதசியன்று, பாரணை முடிந்ததும், அம்மா அண்ணாவின் மஃப்ளரை எடுத்து என் தலையையும் தாடையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி, "வா, பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம். அவர் பார்த்துப்பார்" என்று அழைத்துப் போனாள். அப்பாவும் வந்தார்.

பரமபத வாசல் திறந்த மறுநாள் என்பதால் பகல் சேவைக்கே கூட்டம் தாங்கவில்லை. தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே வரிசை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமுமாக மடிந்து மடிந்து போனது. முன்னால் நிற்கிறவர்கள் திரும்பி வரும்போது நம் பக்கத்திலேயே எதிர்த் திசையில் நடந்து போவார்கள். மஃப்ளருக்குள் எனக்கு வியர்த்தது. எச்சில் விழுங்கும்போது தொண்டை வரை இழுத்துப் பிடித்தது. அப்போதுதான் அம்மா அப்பாவின் கையைக் கிள்ளினாள். "ஏன்னா, அங்க பாருங்கோ. அந்தக் கழுத்து சம்பத்து கழுத்தாட்டம் இல்லே?"

அப்பா பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கூரையைப் பார்த்தார். "கவனிக்காத மாதிரி இரு, கோமளா. சொல்லாம வந்திருக்கான்னா காரணம் இருக்கும்."

"என் தம்பி என்னைப் பார்த்து ஒளிவானா?" என்றாள் அம்மா. அடுத்த நிமிஷம், கோயில் என்றும் பாராமல், "டேய் சம்பத்து!" என்று கூப்பிட்டாள்.

கழுத்து திரும்பியது. மாமாதான். பக்கத்தில் வைதேகி மாமி. வரிசை நகர்ந்து அவர்களை எங்களுக்கு எதிரே, கட்டைக்கு அந்தப் பக்கத்தில், கொண்டுவந்து நிறுத்தியது. ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த வரிசையைவிட மோசமான இடம் இருக்க முடியாது.

"அது வந்து... திடீர்னு லீவு கிடைச்சுதுக்கா. சேதி அனுப்ப நேரமில்லை," என்றார் மாமா.

மாமி பொய்யைத் தாங்கிப் பிடிக்க விரும்பவில்லை. "திருவானைக்காவல்ல என் தங்கை ஆத்துல தங்கியிருக்கோம். நான்தான் சொன்னேன்க்கா. வருஷம் பூரா வாயைப் பார்க்கறார். ஒரு வருஷமாவது மனுஷன் கையைக் கட்டிண்டு பெருமாளைச் சேவிக்கட்டுமேன்னுதான்."

அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை. எதிர்பார்க்காத இடத்தில் படிக்கட்டு முடிந்துபோனவளின் முகம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவள் என்னை முன்னால் இழுத்து மஃப்ளரை அவிழ்த்தாள். "யாரையும் பார்க்க வேண்டாம்டா. இவளை மட்டும் பாரு."

"வாயைத் திறம்மா ருக்கு," என்றார் மாமா.

நான் முயன்றேன். வாய் திறக்கவில்லை. விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. இத்தனை மாதமும் இதற்காகத்தான் பொறுத்திருந்தேன். ஊரே ஒரு வாசல் திறந்ததற்காகத் திரண்டு நிற்க, நான் பூட்டின வாயோடு பல் டாக்டர் முன்னால் நின்றேன். மாமா கட்டைக்கு மேலாகக் கையை நீட்டித் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம், மெல்ல அழுத்தினார். அவர் முகத்தில் இருந்த அசட்டுச் சிரிப்பு காணாமல் போயிற்று.

"எப்போலேர்ந்து?"

"ஆடிலேர்ந்து," என்றாள் அம்மா.

"ஆடியா?"

"நீ வருவேன்னு சேர்த்து வெச்சிருந்தோம்டா."

மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், அவர் திட்டவில்லை. குனிந்து கட்டைக்கு அடியில் நுழைந்து எங்கள் பக்கம் வந்து அப்பாவைக் கூப்பிட்டார். "அத்திம்பேர், வாங்கோ. இது கழுத்துக்கு எறங்கிடுத்துன்னா மூச்சு அடைக்கும். இப்பவே போகணும்." மாமியைத் திரும்பிப் பார்த்து, "நீ சேவிச்சுட்டு வா," என்றார். மாமி கையைக் குவித்துக்கொண்டு வரிசையோடு நகர்ந்தாள், அவர் பங்கையும் சேர்த்துச் சேவிக்கப் போகிறவள் மாதிரி.

அன்றைக்குக் கட்டி முடியாமல் நின்ற மொட்டைக் கோபுரத்துப் பக்கத்தில் நின்றிருந்த டாக்ஸியில் மாமா பேரம் பேசாமல் ஏறியது அப்பாவை நிலைகுலைய வைத்தது. காவிரிப் பாலம், சத்திரம், மெயின்கார்டு கேட் எல்லாம் போயின. அம்மா என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பயணத்தில்தான் ஆபத்தில் இருப்பது பல் அல்ல, நான்தான் என்று எனக்கு உறைத்தது.

தென்னூர் டாக்டர், மாமா வருஷா வருஷம் சொல்லியும் நாங்கள் பார்க்காத அந்த மனிதர், எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு பூட்டின வாயில் கன்னத்தை விலக்கிப் பிடித்து ஈறின் வெளி ஓரத்தைக் கீறினார். வாயில் நிறைந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. பெருங்காயம் அதற்கு முன்னால் பன்னீர். ஆனால் அந்தக் கணத்தில், ஆடியிலிருந்து தாடைக்குள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. நான் அழுதேன், சுகத்தில். வீக்கம் முழுக்க வடிந்த பிறகுதான் பல்லை எடுக்க முடியும் என்றும், அதுவரை பென்சிலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். "ஆடியிலேயே வந்திருந்தா அடைச்சே காப்பாத்தியிருக்கலாமே. சாகிற வரைக்கும் வேண்டிய பல்லும்மா இது," என்று அம்மாவிடம் சொன்னபோது, அம்மா தரையைப் பார்த்தாள்.

அப்பா சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு எழுந்தார். டாக்டர் கையை ஆட்டி மறுத்தார். "என்ன சார், சம்பத் என்னோட ஒண்ணாப் படிச்சவன். அவன் அக்கா பொண்ணுக்குக் காசா?" அப்பாவின் கை பையிலேயே நின்றது, நிம்மதியோடு. நான் பார்த்தேன்.

மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர், அன்றைக்கு முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "வாங்குடா. வாங்கலைன்னா இவா அடுத்த வருஷத்துலேர்ந்து உனக்காகவும் காத்துண்டிருப்பா."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. முழுத் தொகையையும் கொடுத்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, மாமாவைப் பார்க்காமல், "நியாயம்தான்" என்றார். அந்தத் தொகை அவர் பயந்திருந்த அளவுக்கு இல்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. யாரோ சொன்னதை யாரோ கேட்டு, ஒருவரும் நேரில் போய் விசாரிக்காமல், எத்தனையோ வருஷம் பயந்திருக்கிறோம். என் பல்லை அடைப்பதற்கு ஆகியிருக்கக் கூடியதைவிட அதைக் கெடவிட்டு எடுப்பதற்கு அதிகம் ஆயிற்று. டாக்ஸியை நான் சேர்க்கவில்லை.

பல்லை எடுக்கிற நாள் வரைக்கும் இருந்துவிட்டுப் போவதாக மாமா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியும் திருவானைக்காவலிலிருந்து பெட்டியோடு வந்தாள். அன்று சாயங்காலம், சேதி எப்படித்தான் பரவியதோ, மாடி வாத்தியார் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். "டாக்டர் வந்துட்டாராமே?" என்றார்.

அம்மா நிலைப்படியில் குறுக்கே நின்றாள். "டாக்டர் வரலை. என் தம்பி வந்திருக்கான்."

வாத்தியார் அவளையும், பின்னால் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடியேறிப் போனார். பூக்கார அம்மாளுக்கும் அதே பதில். தேசிகாச்சாரியார் வாசலில் தலையைக் காட்டியபோது, "தென்னூர்ல நன்னாப் பார்க்கறார், காசும் ஜாஸ்தியில்லை" என்று விலாசம் சொல்லி அனுப்பினாள். வைதேகி மாமி சமையலறை வாசற்படியில் நின்றபடி இதையெல்லாம் கேட்டாள். அம்மா அடுப்புக்குத் திரும்பியதும், "அக்கா, நகருங்கோ, சாத்தமுதை நான் பார்த்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவள் கரண்டியைத் தொட்டதே அன்றுதான்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா மனசு கேட்காமல், "அக்கா, நீயாவது இப்படி வா. உன் வாயைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு," என்றார். போன வருஷ வரிசையில் அம்மா தன் முறையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உட்காருவதற்குள் வெளிச்சம் போயிருந்தது.

அம்மா தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கென்னடா, கல்லாட்டம் இருக்கு. நீ வெத்தலை போட்டுக்கோ."

கல்லாட்டம் இல்லை. அம்மாவுக்கும் வலி உண்டு என்பது எனக்குத் தெரியும்; பெருங்காயத்தை அவள் எனக்குக் கிள்ளிக் கொடுக்கும்போது தனக்கும் கொஞ்சம் கிள்ளிக்கொள்வாள். ஆனால் அன்றிலிருந்து சம்பத் மாமாவுக்கு முன்னால் அவள் வாயைத் திறந்து காட்டவேயில்லை. தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசுவாள், தலைப்புக்குப் பின்னாலேயே சிரிப்பாள். தென்னூருக்காவது போனாளா என்றால் அதுவும் இல்லை. அந்தக் காசு எங்கள் மூன்று பேருக்கென்று ஒதுக்கப்பட்டது. அண்ணாவுக்கும் தங்கைக்கும் குழி விழுந்த உடனே அப்பாவே அழைத்துப் போய் அடைத்து வந்தார், முதலிலேயே போவதுதான் சிக்கனம் என்பதை ஒரு புதுச் சட்டம் மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு. அம்மா மட்டும் வலி தாங்க முடியாத நாளில், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய் இலவசமாகப் பிடுங்கிக்கொண்டு வருவாள். வாய் நிறையப் பஞ்சோடு வந்து உலை வைப்பாள். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளிடம் முன்பற்களைத் தவிர அதிகம் மிச்சமில்லை. பேரக்குழந்தை பிறந்தபோது அவையும் இல்லை. பல்செட் கட்டிக்கொள் என்று நான் முதல் சம்பளத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "யார் பார்க்கப் போறா?" என்பாள்.

மாமா ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும் வந்தார். உயிரோடிருந்தவரை ஒரு வருஷமும் தவறவில்லை. துவாதசி மத்தியானத்தில் நாற்காலி போடப்படவில்லை. அக்காவும் தம்பியும் ஊஞ்சலில் உட்கார்ந்து, செத்துப்போன சித்தியைப் பற்றியும், மன்னார்குடியில் சின்ன வயதில் விழுந்த குளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா மோருஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பல் டாக்டர். கன்னம் ஒட்டியிருப்பதன் காரணம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு முறைகூட அவர் கேட்கவில்லை. கேட்டால், "நீ தம்பியாத்தானேடா வந்திருக்கே" என்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதிலை அவளைச் சொல்ல வைக்க அவருக்கு மனசில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குக் கீழச் சித்திரை வீதியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. முற்றம் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிறுத்துகிறார்கள். ஏகாதசிக்கு வருகிற உறவினர்கள் மூன்று மாதம் முன்பே லாட்ஜில் அறை எடுத்துக்கொள்கிறார்கள். இதே ஊரில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "உங்களுக்கு ஏன் சிரமம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒருவர் தலையணையில் இன்னொருவர் படுத்து, ஒருவர் வாயை இன்னொருவர் பார்த்து, ஒருவரால் ஒருவர் நொந்துபோகிற அளவுக்கு இப்போது யாரும் யாரோடும் நெருங்குவதில்லை. நல்லதுதான் என்று அறிவு சொல்கிறது. தென்னூரிலோ திரும்பின பக்கமெல்லாம் பல் ஆஸ்பத்திரி. தவணையில் கட்டலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடைய மருத்துவக் காப்பீட்டை நான் பொடி எழுத்து உட்பட வாசித்தேன், தொழில் பழக்கம். இதயத்துக்குக் கிடைக்கும், சிறுநீரகத்துக்குக் கிடைக்கும், பல்லுக்குக் கிடைக்காது.

அந்த ஒரு பல் போன இடத்தை இத்தனை வருஷமும் சும்மா விட்டதில், பின்பல் சாய்ந்து அந்த இடத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. எதிர்ப்பல் தேடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. போன மாதம் வலி தொடங்கியது. அந்தப் பழைய சுற்றிச் சுற்றி நடக்கிற வியாதியும் கூடவே வந்தது, கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி. மகன் சென்னையிலிருந்து போனில், "அம்மா, பிரியாவோட அத்தை பையன் டென்டிஸ்ட்தான், போட்டோ எடுத்து அனுப்பு, சும்மா பார்த்துச் சொல்லுவான்" என்றான். பிரியா என் மருமகள். அந்தப் பையனைக் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இலையில் ஜாங்கிரி இன்னொன்று வைக்கச் சொன்ன பையன். "வேண்டாம்டா. அவன் நல்ல பையன். காசு கொடுத்தே பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தென்னூருக்குக் கிளம்பினேன்.

டாக்டர் சின்னப் பெண். கையுறை போட்டுக்கொண்டு என் நாற்காலியைச் சாய்த்தாள். சாய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "உங்க அம்மாவுக்கும் பல் சீக்கிரமே போயிடுச்சுங்களாம்மா?"

"ஆமாம். என் வயசு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

"அடடா. அப்போ டாக்டர்கிட்ட எதுவும் காட்டலீங்களா?"

"வீட்டுலேயே டாக்டர் இருந்தார். அதனாலதான் காட்டலை."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் விளக்கத்துக்காகக் காத்திருந்தன. நான் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் அவள் விளக்கை என் பக்கம் திருப்பியிருந்தாள். நான் வாயை அகலமாகத் திறந்தேன்.